சுண்ணாம்பு நீரில் மக்காச்சோளம்: வீட்டில் செய்யும் முறை

சேலம் மாவட்டத்தில் விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்திற்கே போகிறது. முற்றிய மணியின் தடித்த தோல் எளிதில் வேகாததால் வீட்டில் சமைக்கத் தயங்குகிறோம். மக்காச்சோளத்தின் தாயகமான மெக்சிகோவில் மணியைச் சுண்ணாம்பு நீரில் வேக வைத்துத் தோலை நீக்கி, இறைச்சியுடன் "போசோலே" என்னும் குழம்பு வைக்கிறார்கள்.

சுண்ணாம்பு தோலுக்காக மட்டுமன்று. மக்காச்சோளத்திலுள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடலில் சேராதபடி கட்டுண்டிருக்கிறது. சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது. இம்முறையை அறியாமல் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஐரோப்பிய ஏழைகளைப் பெல்லாக்ரா நோய் வாட்டியது. தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்கலக்கம் இதன் அறிகுறிகள். 1735-இல் ஸ்பெயின் மருத்துவர் காசல் இதைக் கண்டு எழுதினார். நியாசின் குறைவே காரணம் என்பது 1937-இல்தான் தெளிவாயிற்று.

ஒரு கிலோ காய்ந்த மணிக்கு 3 லிட்டர் தண்ணீரும் 10 கிராம் நீற்றிய சுண்ணாம்புத் தூளும் போதும். வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பானால், குழைவாக இருப்பதால் 20 கிராம் எடுக்கலாம். காப்பித் தோட்டத்து மண்ணுக்கு இடும் சுண்ணாம்புக்கல் மாவு இதற்கு உதவாது. போர்டோ கலவை தயாரித்த பாத்திரத்தை எக்காரணம் கொண்டும் எடுக்கக்கூடாது. பூசணம் பிடித்த மணியையும், மருந்து கலந்த விதையில் மிஞ்சியதையும் அறவே தவிர்க்கவும். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். எவர்சில்வர் அல்லது மண் பானை நல்லது.

முக்கால் மணி நேரம் கொதித்தபின் ஒரு மணியை விரலால் தேய்த்துப் பாருங்கள். தோல் வழுக்கினால் இறக்கி, இரவு முழுவதும் மூடி வையுங்கள். காலையில் நீரை வடித்து, மூன்று நான்கு முறை கழுவித் தோலைத் தேய்த்து நீக்கவும். வடித்த நீரை மாட்டுக்கு வைக்க வேண்டாம்.

பிறகு புதுத் தண்ணீரில், உப்பில்லாமல், மணி மெத்தென்று ஆகும்வரை வேக வைக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். சமவெளியைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். குக்கர் இருந்தால் விறகு மிச்சம். மெக்சிகோவின் பெரிய வெள்ளை மணி பூப்போல விரியும். நம் மஞ்சள் மணி அவ்வளவு விரியாது, ஆனால் சுவைக்குக் குறைவில்லை.

அரைக் கிலோ நாட்டுக்கோழிக் கறியைப் பூண்டு, வெங்காயத்துடன் தனியே வேக வைத்து, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயும் உப்பும் சேர்த்து மணியோடு கலந்து, அரை மணி நேரம் கொதிக்க விடவும். கறி உண்ணாதவர்கள் வேகவைத்த மொச்சை சேர்க்கலாம். நறுக்கிய முட்டைக்கோசும் பச்சை வெங்காயமும் மேலே தூவி, எலுமிச்சை பிழிந்து சூடாகப் பரிமாறவும்.