செயினைப் பார்க்காமல் ரேஸ் பார்க்கக் கிளம்பாதீர்கள்

கீழப்பழுவூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு பைக்கில் போய் தேசிய பைக் ரேஸ் பார்க்க நினைப்பவர்கள், முதலில் வண்டியின் செயின் கவரைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஹெல்மெட், ரெயின்கோட், பெட்ரோல் காசு எல்லாம் அதற்குப் பிறகு. எங்களுடைய சனிக்கிழமை முழுவதும் வீணாகப் போனது ஒரு செயின் லாக்கால். விரல் நகம் அளவுத் தகடு. என் நண்பனின் வண்டியில் அதைத் திசைமாற்றி மாட்டியிருந்தார்கள்.

நம் பக்கத்துச் சாலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் லாரிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. அந்தப் புழுதி ஆயில் போட்ட செயினில் அப்பிக்கொண்டால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான். செயின் சீக்கிரம் நீண்டுவிடும், ஸ்பிராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகிவிடும். கவர் மூடியிருப்பதால் எதுவும் கண்ணில் படாது. சத்தம் வந்தபிறகுதான் ஒர்க்‌ஷாப்புக்குப் போவோம். அங்கே ஒரு கண்ணியை வெட்டி, லாக் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அரியலூர் போய்வர அது தாங்கும். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கணக்காக ஓடுவதற்குத் தாங்காது.

கிளம்புவதற்கு முந்தின வாரமே சொன்னேன், செயின் செட்டையே மாற்றிவிடு என்று. "அதெல்லாம் பாத்தாச்சு மாப்ள, வண்டி சும்மா பறக்குது" என்றான். வேப்பூர் தாண்டியதும் எஞ்சின் மட்டும் அலறியது, வண்டி இழுக்கவில்லை. நல்லவேளை, செயின் அறுந்து ரோட்டில் விழுந்தது. முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டு சிக்கியிருந்தால் பின்சக்கரம் அப்படியே இறுகியிருக்கும். பின்னால் வந்துகொண்டிருந்தவை ஆம்னி பஸ்கள். அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், அவை எந்த வேகத்தில் வரும் என்று.

பைக்கில் வந்த இரண்டு பையன்கள் எங்கள் வண்டியைக் காலால் உந்தித் தள்ளிக்கொண்டே உளுந்தூர்பேட்டை வரை கொண்டுவந்து விட்டார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். அங்கிருந்த மெக்கானிக் அறுந்த செயினைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார். புதுச் செயின் அப்படிப் பிடித்தால் கொஞ்சம்தான் வளையும். இது துவண்டு தொங்கியது. "தம்பி, இதை வச்சுக்கிட்டு பெரம்பலூர் தாண்டுனதே பெருசு" என்றார். எங்கள் வண்டிக்கான செட் அவரிடம் இல்லை. விழுப்புரத்திலிருந்து வரவழைத்து மாட்டி முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது.

லாக்கைத் திசைமாற்றி மாட்டியதுதான் வினை. சரியான திசையை அவர் காட்டித்தந்தபடியே சொல்கிறேன். லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், பிளந்த முனை பின்னால் வர வேண்டும். மேல்பக்கம் ஓடும் கண்ணிகள் முன்நோக்கிப் போகின்றன. ஆகவே லாக் மேலே நிற்கும்போது மூடிய முனை ஹெட்லைட் பக்கம் இருந்தால் சரி. மாறி இருந்தால், எதிலாவது உரசினாலே கழன்றுவிடும். இன்னொன்று, செயினை மட்டும் மாற்றாதீர்கள். பழைய பற்களில் புதுச் செயின் ஓடினால் அதுவும் சீக்கிரம் தேய்ந்துவிடும். இரண்டு ஸ்பிராக்கெட்டும் செயினும் சேர்ந்த செட்டாகவே மாற்றுங்கள்.

"ஃபைனல் ஞாயித்துக்கெழமதானடா, என்ன போயிருச்சு இப்ப?" என்று இன்றைக்கும் கேட்கிறான். என்ன போனது என்று அவனுக்கு இப்போதாவது புரியட்டும். இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.717 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள். கேலரியில் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரிவது அதில் ஒரு துண்டுதான். யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் உட்கார்ந்தால் வண்ண வண்ண ஹெல்மெட்டுகள் கடந்து போவது மட்டுமே மிஞ்சும். சனிக்கிழமைத் தகுதிச் சுற்றில் ஓட்டுநர்கள் பெரும்பாலும் இடைவெளி விட்டு வருவார்கள். ஒவ்வொருவரும் எங்கே பிரேக் பிடிக்கிறார், வளைவின் உள்ளோரத்தை எப்போது தொடுகிறார் என்று நிதானமாகப் பார்க்கலாம். 165 சிசி வண்டிகளில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, காற்றின் தடையை அவரை வாங்கவிட்டு வேகம் எடுக்கும் வித்தையும் அப்போதே பிடிபடும். அது பிடிபட்டால்தான் ஞாயிற்றுக்கிழமை கடைசி வளைவில் முன்னால் வந்தவர் கோட்டைத் தொடும்போது பின்தங்குவது ஏன் என்று விளங்கும். எனக்கு ஞாயிறு மட்டும்தான் கிடைத்தது.

வழி எளிது. அரியலூர், பெரம்பலூர், பிறகு சென்னை நெடுஞ்சாலை. சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரகடம் சாலைக்குத் திரும்பி ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து சென்னைப் பக்கமாகக் கொஞ்ச தூரம். மொத்தம் முந்நூறு கிலோமீட்டரைத் தொடும். சுங்கச்சாவடிகளில் இரு சக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் தங்கலாம். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.

வீட்டில் கேட்டார்கள், டிவியில் வருவதைப் பார்க்க முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டுமா என்று. இந்தியாவில் இந்த ஆட்டத்துக்குத் தமிழ்நாடுதான் தாய்வீடு. போர்க்காலத்து ஓடுதளமான சோழவரத்தில் ரேஸ் நடந்தபோது சனம் சாரி சாரியாகப் போனது. அதை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தைத் திறந்தது. 2011-ல் மோட்டோஜிபி உலகச் சாம்பியன்ஷிப்பின் 125 சிசி பிரிவில் ஓட்டிய எஸ். சரத்குமார் சென்னைக்காரர். 2023 செப்டம்பரில் மோட்டோஜிபி கிரேட்டர் நொய்டா வரை வந்தது, மார்கோ பெசெக்கி ஜெயித்தார். அடுத்த ஆண்டு இந்தியாவில் அது நடக்கவில்லை. நம் தேசியச் சாம்பியன்ஷிப் தொடர்ந்து நடக்கிறது. அதை நேரில் போய்ப் பார்க்காமல் நொய்டாவுக்காக ஏங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

திரும்பும் வழியில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. ரேஸ் முடிந்த சூட்டில் ஞாயிறு இரவே ஊர் போய்ச் சேரலாம் என்றான். வாசலைத் தாண்டியதுமே ஆக்சிலரேட்டரை முறுக்க ஆரம்பித்துவிட்டான். நான் இறங்கிவிட்டேன். 2023 ஆகஸ்டில் இதே தடத்தில், ரேஸில் விழுந்து 13 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். ரேஸுக்கென்றே போட்ட சாலையில், எதிரே ஒரு வண்டியும் வராத இடத்தில் அது நடந்தது. சட்டையும் பேண்ட்டுமாக லாரிகளுக்கு நடுவே ஓட்டிக் காட்ட என்ன இருக்கிறது? இரவு தங்கி, திங்கள் விடிந்த பிறகுதான் கிளம்பினோம். அரைநாள் சம்பளம் போனது என்று இன்னும் முணுமுணுக்கிறான். போகட்டும்.

தேசியச் சாம்பியன்ஷிப்பின் அடுத்த சுற்றுக்குத் தேதி வந்ததும் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பக்கத்தில் நின்று செட்டை மாற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் லாக்கின் திசையை நீங்களே குனிந்து பாருங்கள். வெள்ளிக்கிழமை மதியமே கிளம்பிவிடுங்கள். வண்டி நண்பனுடையது என்றால், அவன் 'பாத்தாச்சு' என்று சொல்வதை நம்பி ஏறாதீர்கள்.