கம்பியில்லா அலையும் கம்பியின் உதவியும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

1895ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகளைச் சுவர் கடந்து செல்லச் செய்து, தொலைவிலிருந்த மணியை ஒலிக்க வைத்தார். இன்று நம் வீட்டு வைஃபை ரவுட்டர் செய்வதும் ஏறத்தாழ அதே வேலைதான். ஆனால் சுவரைக் கடப்பது வேறு. கடந்த பின்பும் வலுவோடு இருப்பது வேறு. “கூடத்தில் ஓடுகிறது, அடுக்களையில் நின்றுவிடுகிறது” என்னும் புலம்பலைக் கேளாத வீடு இன்று அரிது. அலையை வீடு முழுவதும் எட்டச் செய்வது எப்படி, அதுவும் வேகம் குன்றாமல் எட்டச் செய்வது எப்படி என்பதை இங்கே காண்போம்.

ரவுட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. ஒன்று 2.4 ஜிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 ஜிகாஹெர்ட்ஸ். வேகம் = அதிர்வெண் × அலைநீளம் என்று நாம் படித்த சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால், முதலாவதன் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், இரண்டாவதன் அலைநீளம் 6 சென்டிமீட்டர் என்று வரும். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை மிகுதியான செய்தியைச் சுமக்கும், ஆனால் சுவரில் விரைவில் சோர்ந்துவிடும். 2.4 அலை சற்றுத் தொலைவு செல்லும், ஆனால் அதில் நெரிசல் அதிகம். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் 1, 6, 11 என மூன்றே. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் எல்லோரும் அந்த மூன்றுக்குள்தான் பேசியாக வேண்டும். போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசையில் இரைகிறது.

திறந்த வெளியிலேயே தொலைவு இரு மடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகிவிடும். வீட்டுக்குள்ளோ செங்கல், இரும்புக் கம்பி பாய்ந்த கான்கிரீட், பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி என்று தடைகள் பல. அலை மெலியும்போது ரவுட்டர் பேச்சை நிறுத்திவிடுவதில்லை; காது கேளாதவரிடம் நாம் நிறுத்தி நிதானமாகப் பேசுவதுபோல் மெதுவாகப் பேசுகிறது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் ஆதலால், கடைசி அறைக்காரருக்காக அது மெதுவாகப் பேசும் நேரமெல்லாம் கூடத்தில் இருப்பவர்களும் காத்திருக்க வேண்டும். கடைசி அறையின் குறை அந்த அறையோடு நிற்பதில்லை.

எங்கள் வீட்டையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். தூத்துக்குடியின் பழைய தெருக்களில் உள்ள பல வீடுகளைப்போல் அது நீண்டு குறுகியது. தெருவாசலுக்கும் பின்கட்டுக்கும் இடையே ஐந்து சுவர்கள். அப்பா சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். கப்பல் துறைமுகம் சேரும் நாட்களில்தான் முகம் பார்த்துப் பேச முடியும். இடுப்பெலும்பு முறிந்த பாட்டியோ பின்கட்டு அறையில் கட்டிலோடு இருக்கிறார்கள். கூடத்துக்கு வர இயலாது. அப்பாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். அது தெரியாமல் பாட்டி அந்த நின்றுபோன படத்தோடு பேசிக்கொண்டே இருப்பார்கள்.

கூடத்தில் அளந்தபோது வேகம் 94 மெகாபிட். பின்கட்டில் 4.

முதலில் காசில்லாத வைத்தியம். இணைப்புக் கொடுக்க வந்தவர், தெருவிலிருந்து கம்பி நுழைந்த ஜன்னல் மூலையிலேயே ரவுட்டரை மாட்டிச் சென்றிருந்தார். ஆகவே அலையில் பாதி தெருவுக்குத்தான் பயன்பட்டது! கம்பியை நீட்டி, அதை நடுவறைப் பக்கமாக ஆள் உயரத்தில், தொலைக்காட்சிக்கும் பீரோவுக்கும் விலகி வைத்தோம். அதன் கொம்புகளை நேராக நிறுத்தினோம்; கொம்பின் நுனியிலிருந்தன்று, பக்கவாட்டில்தான் அலை மிகுதியாகப் பரவுகிறது. இதனால் 4 என்பது 11 ஆயிற்று. பலருடைய வீட்டில் இவ்வளவே போதும்.

எங்களுக்குப் போதவில்லை. அண்ணன் ‘ரிப்பீட்டர்’ வாங்கலாம் என்றான். அலையைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் கருவி அது. வாங்குமுன் பக்கத்து வீட்டில் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தோம். பாட்டியின் அறையில் செருகியதும் கைப்பேசியில் எல்லாக் கோடுகளும் நிறைந்துவிட்டன. வேகமோ ஏறவே இல்லை. காரணம் எளிது. அந்தக் கோடுகள் கைப்பேசிக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள நெருக்கத்தைத்தான் காட்டுகின்றன. ரிப்பீட்டரே மெலிந்த அலையைக் கேட்டுக்கொண்டிருந்தால் அது எதைத் திருப்பிச் சொல்லும்? அதைப் பாதி வழியில், அலை இன்னும் வலுவாக உள்ள இடத்தில் வைத்தபோது 22 கிடைத்தது. அதற்கு மேல் நகரவில்லை.

ஏன்? ஆசிரியை ஒரு வகுப்பில் பாடம் சொல்ல, வாசலில் நிற்கும் மாணவி அதைக் கேட்டு அடுத்த வகுப்புக்குச் சொல்வதாக எண்ணிப் பாருங்கள். அவள் சொல்லும்போது ஆசிரியை வாய்மூடி இருக்க வேண்டும். ஆசிரியை சொல்லும்போது அவள் கேட்க வேண்டும். பத்து நிமிடப் பாடத்துக்கு இருபது நிமிடம் ஆகும். ஒரே சேனலில் கேட்டு அதே சேனலில் பேசும் ரிப்பீட்டர் வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்குவது இவ்வாறுதான். அடுத்தடுத்து இரண்டு ரிப்பீட்டர் வைத்தால் இன்னும் குறையும்.

கோயில் திருவிழாவில் மைக் செட்காரர் என்ன செய்கிறார்? கடைசித் தெருவில் உள்ள குழாய் ஒலிபெருக்கி, முதல் தெரு ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதில்லை. அதற்குத் தனியாகக் கம்பி இழுத்திருப்பார். அதனால்தான் பிரசங்கம் கடைசித் தெருவிலும் தெளிவாகக் கேட்கிறது. அதையே நாங்களும் செய்தோம். கூரையோரமாக லேன் கேபிள் ஒன்றைப் பின்கட்டு வரை இழுத்தோம். ‘கேட் 5இ’ என்னும் வகைக் கேபிள் 100 மீட்டர் வரை 1000 மெகாபிட்டைச் சுமக்கும். எங்களுக்கு வேண்டியிருந்தது 20 மீட்டர்தான். முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியமும் விற்கிறார்கள். மின்சார வயரோடு சேர்த்துக் கட்டலாகாது.

மறுமுனைக்குப் புதிதாக எதுவும் வாங்கவில்லை. முன்பிருந்த இணைப்பின் பழைய ரவுட்டர் பரணில் கிடந்தது. அதில் செய்த மாற்றங்கள் சிலவே. அதன் முகவரி 192.168.1.1 என்று முதல் ரவுட்டரைப் போலவே இருந்ததால் 192.168.1.2 என்று மாற்றினோம். கருவிகளுக்கு முகவரி வழங்கும் ‘டிஹெச்சிபி’ பணியை அதில் நிறுத்தினோம். ஒரே வகுப்புக்கு இரண்டு ஆசிரியைகள் தனித்தனியே வரிசை எண் கொடுத்தால் ஏற்படும் குழப்பம் இதனால் தவிர்ந்தது. பெயரும் கடவுச்சொல்லும் முதல் ரவுட்டரில் உள்ளவையே. சேனல் மட்டும் வேறு: அதற்கு 1, இதற்கு 11. கேபிளை ‘வேன்’ துளையில் செருகாமல் ‘லேன்’ துளையில் செருகினோம். பின்கட்டில் வேகம் 88 ஆயிற்று. அப்பா பேசும்போது அவர் பின்னால் ஆடும் திரைச்சீலைகூடத் தெரிவதாகப் பாட்டி சொன்னார்கள்.

பழைய ரவுட்டர்கள் பலவற்றின் துளைகள் 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்கமாட்டா. 200, 300 என்று திட்டம் வாங்கியவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது? 5 ஜிகாஹெர்ட்ஸில் கேட்டு 2.4இல் பேசும் இரட்டை அலைவரிசை ரிப்பீட்டரை நாடலாம். காதும் வாயும் வெவ்வேறு சேனலில் இருப்பதால் பாதியாகும் குறை பெரிதும் நீங்கும். ‘மெஷ்’ எனப்படும் தொகுப்பில், கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள மூன்றாவதாக ஓர் அலைவரிசையை ஒதுக்கியவை நல்லவை. விலைதான் கூடுதல்.

இரண்டு ரவுட்டர் வைத்த வீட்டில் ஒரு சிறு தொல்லை எஞ்சும். எந்த ரவுட்டரைப் பற்றுவது என்று முடிவு செய்வது கைப்பேசியே. கூடத்திலிருந்து பின்கட்டுக்கு நடந்து வந்தாலும் அது பழைய அலையையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகும். அல்லது முன்பக்க ரவுட்டரின் ஒலிபரப்பு வலிமையை ஒரு படி குறைத்து வைக்கலாம்; அப்போது கைப்பேசி அதை விரைவில் கைவிட்டு அருகில் உள்ளதைப் பற்றும். வலிமையைக் குறைத்தால் வேகம் கூடுகிறது என்பது கேட்க விநோதமாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தோம், அப்படியே நடந்தது.