கவுண்டரில் கேட்ட பதில் கடைசிப் பதில் அல்ல

ஜோகூரின் தெப்ராவில் வாகனம் இல்லாமல் குடும்பம் நடத்துவது கடினம். உலு திராமிலிருந்தும் ஜோகூர் ஜெயாவிலிருந்தும் விடியுமுன் கிளம்பிப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். சாலை வரியைப் புதுப்பிக்க முடியாமல் போனால் சம்பளத்துக்கே ஆபத்து. ஆனாலும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் முடிவுகளைப் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகள் பல தவறானவை. அவற்றை நம்பி நஷ்டப்படுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

“அரசாங்கம் சொன்னால் சொன்னதுதான், கேள்வி கேட்க முடியாது.”

முடியும். கேட்டு வென்றும் இருக்கிறார்கள். சம்மன் பாக்கி வைத்தவரின் பெயரைக் கருப்புப் பட்டியலில் ஏற்றி, அதைக் கட்டும்வரை சாலை வரியைப் புதுப்பிக்க மறுப்பது நாமெல்லாம் அறிந்த நடைமுறை. சரவாக்கில் ஒரு வாகனமோட்டி இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். 2009இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. சம்மன் கட்டாதது சரி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சம்மன் என்பது குற்றச்சாட்டு. குற்றம் நிரூபிக்கப்பட்டதாக ஆகாது. கட்டாதவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் அதற்காகச் சாலை வரியை மறுக்கும் அதிகாரம் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்தபோது, அன்றைய சட்டத்தில் அது இல்லை.

இத்தகைய வழக்குகளின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். கட்டணம் அதிகம், அலைச்சல் அதிகம், அதிகாரி முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதெல்லாம் உண்மையான வருத்தங்களே. ஆனால் நீதிபதி முதலில் பார்ப்பது வேறு: இந்த முடிவை எடுக்க இந்த அதிகாரிக்குச் சட்டம் இடம் கொடுத்ததா, பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்டு முறைப்படி எடுத்தாரா, அறிவுள்ள எவரும் எடுக்கக்கூடிய முடிவுதானா என்பது.

“அந்தத் தீர்ப்பு இருக்கிறதே, இனி யாரும் நம்மைக் கருப்புப் பட்டியலில் போட முடியாது.”

இதுவும் தவறு, முன்னதைவிட ஆபத்தான தவறு. தீர்ப்புக்குப் பிறகு சட்டமே திருத்தப்பட்டது. தீர்க்கப்படாத போக்குவரத்து வழக்கு இருந்தால் சாலை வரியை மறுக்க இன்று 17ஆவது பிரிவு இடம் தருகிறது. பழைய தீர்ப்பை நம்பிச் சம்மன்களைச் சேர்த்து வைத்தவர், சாலை வரியும் காப்புறுதியும் முடிந்த நாளில் நடுத்தெருவில் நிற்பார். நீதிமன்றம் சட்டத்தில் ஓர் ஓட்டையைக் காட்டினால், நாடாளுமன்றம் அதை அடைத்துவிடலாம்.

“வழக்குப் போட்டாகிவிட்டது, தீர்ப்பு வரும்வரை கட்ட வேண்டாம்.”

தைப்பூசத்துக்கும் கல்யாணத்துக்கும் சிங்கப்பூரிலிருந்து காரில் வரும் உறவினர்களுக்கு இது தவறு என்று அவசியம் சொல்லுங்கள். சிங்கப்பூர்ப் பதிவுக் கார்களுக்கான நுழைவு அனுமதியான வி.இ.பி., 2024 அக்டோபர் 1இல் எச்சரிக்கையோடு அமலுக்கு வந்தது. 2025 ஜூலை 1 முதல் அது இல்லாமல் பிடிபட்டால் 300 ரிங்கிட் கம்பவுண்ட் (வழக்குக்குப் போகாமல் தீர்க்கும் அபராதம்). இந்த விவகாரத்தில் சிங்கப்பூர் வாகனமோட்டிகள் சிலர் 2025இல் ஜோகூர் பாரு உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். வெளிநாட்டுக்காரர் இங்கே வழக்குப் போட முடியாது என்று சிலர் சொன்னது பிழை. முடிவால் பாதிக்கப்பட்டவர் என்பதே நீதிமன்ற விதி கேட்கும் தகுதி. அரசியலமைப்பின் 8ஆவது பிரிவும் சட்டத்தின்முன் எல்லா மனிதரும் சமம் என்றுதான் சொல்கிறது, குடிமக்கள் மட்டும் என்று சொல்லவில்லை.

ஆனால் மனு கொடுத்ததாலேயே எந்த முடிவும் நின்றுவிடாது. அதிகாரிகளின் முடிவை நீதிமன்றம் ஆராயும் நீதிமுறைச் சீராய்வுக்கு முதலில் நீதிபதியின் அனுமதி வேண்டும். அனுமதி தரும்போது அவர் தனியாகத் தடை உத்தரவு போட்டால்தான் முடிவு நிறுத்தி வைக்கப்படும். அதுவரை கம்பவுண்ட் கம்பவுண்ட்தான். வழக்காகிப் போனால் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 66எச் பிரிவின்படி 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம்.

“எல்லை தாண்டி வரும் வாகனத்துக்கு வசூலிக்கும் வரியை எந்த நீதிமன்றமும் தொடாது.”

இந்தியாவில் தொட்டிருக்கிறது. அங்கே தமிழ்நாட்டுப் பதிவோடு பெங்களூருவில் கார் வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். வெளிமாநில வாகனம் 30 நாளுக்கு மேல் தங்கினாலே ஆயுள்கால வரி என்று கர்நாடகம் 2014இல் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் மறுபதிவுக்கு 12 மாத அவகாசம் தருவது மத்திய சட்டம். 2016இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது.

“நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.”

நல்ல வழக்குகள் பல இங்கேதான் வீணாகின்றன. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 53ஆம் கட்டளைப்படி, முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து அல்லது வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு போயாக வேண்டும். தலைமையகத்துக்கு முறையீடு எழுதிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பதால் மட்டும் அந்தக் கெடு தானாக நீளாது. ஆகவே தாமான் டாயா ஜே.பி.ஜே. அலுவலகத்தில் உங்கள் விண்ணப்பத்தை மறுத்தால், வாய்வார்த்தையோடு திரும்ப வேண்டாம். மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். எந்தப் பிரிவின்கீழ் மறுத்தார்கள் என்பதும் தேதியும் அதில் இருக்கட்டும். அந்தக் கடிதத்தோடு அதே வாரம் வழக்கறிஞரைப் பாருங்கள்.