ஒரு கேசட்டும் 48 கிலோபைட்டும்

சென்ற பருவத்தில் நினைவகம் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது இரண்டாமாண்டு மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, வன்தட்டே இல்லாத அந்தக் காலத்து வீட்டுக் கணிப்பொறிகளில் நிரலை எங்கே சேமித்தார்கள்?" என்று கேட்டார். "பாட்டுக் கேசட்டில்" என்றேன். வகுப்பே சிரித்தது. மணி அடித்துவிட்டமையால் விளக்க இயலவில்லை. விட்டுப்போன விளக்கத்தை இம்மலரில் எழுதுகிறேன்.

என் தந்தையார் நெசவுத் தொழில்நுட்பத்தில் ஆராய்ச்சி செய்யும் பொருட்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மூன்றாண்டுகள் இருந்தார். 1983ஆம் ஆண்டில் எனக்கு வயது பதினொன்று. அந்நாட்டில் வீட்டுக் கணிப்பொறி மோகம் உச்சத்தில் இருந்த நேரம் அது. சின்கிளேர் நிறுவனம் 1981இல் வெளியிட்ட இசட்.எக்ஸ்.81 பொறி 70 பவுனுக்கும் சற்றுக் குறைவு; ஆனால் அதன் நினைவகம் 1 கிலோபைட்தான். 1982 ஏப்ரலில் அதே நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம் வந்தது. 48 கிலோபைட் கொண்ட பொறி முதலில் 175 பவுன், மறு ஆண்டே 129 பவுன் 95 பென்சு. விலை இறங்கிய பிறகே அப்பா வாங்கினார். பள்ளிகளில் இருந்த பி.பி.சி. மைக்ரோவின் விலையோ 399 பவுன். எங்களைப் போன்றோர் அதை எட்டி நின்று பார்க்கலாம், அவ்வளவே.

கணிப்பொறி வாங்கினோம் என்று சொன்னாலும், வந்தது ரப்பர் விசைகள் 40 கொண்ட ஒரு சிறு பெட்டியும் மின்னிணைப்பும் சில கம்பிகளுமே. திரையையும் சேமிப்புக் கருவியையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். திரை என்பது தொலைக்காட்சிப் பெட்டி. அதன் ஆன்டெனாத் துளையில் கம்பியைச் செருகி, 36ஆம் அலைவரிசைக்குத் திருப்பினால் எழுத்துகள் தெரியும். எங்களுடையது கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஆகவே ஸ்பெக்ட்ரத்தின் எட்டு வண்ணங்களும் எனக்குச் சாம்பலின் எட்டுப் படிகளாகவே தெரிந்தன. அப்பா செய்தி பார்க்க வந்துவிட்டால் கணிப்பொறிக்குத் திரை இல்லை. சேமிப்புக் கருவி என்பது அம்மாவின் டேப் ரிக்கார்டர்.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். கேசட் நாடாவில் பதிவது ஓசை. பொறியிடம் இருப்பவையோ 0, 1 என்னும் பிட்டுகள். ஸ்பெக்ட்ரம் 0 என்பதை ஒரு குறுகிய அலையாகவும், 1 என்பதை அதைப்போல் இருமடங்கு நீண்ட அலையாகவும் மாற்றி அனுப்பும். 0க்கு ஏறத்தாழ அரை மில்லிநொடி, 1க்கு ஒரு மில்லிநொடி. இரண்டும் கலந்து வரும்போது நொடிக்குச் சுமார் 1,500 பிட்டுகள் பதியும். காதுக்கு முதலில் "பீ..." என்று ஒரே சுருதியில் ஓர் ஊதல், பிறகு தகரத்தை மணலில் தேய்ப்பது போன்ற இரைச்சல். ஊதலின்போது திரையின் ஓரத்தில் பட்டைகள் ஓடும். இரைச்சலின்போது பட்டைகள் மெலிந்து நடுங்கும். பெரிய விளையாட்டு ஒன்றை ஏற்ற ஐந்து நிமிடம் வரை ஆகும். அதுவரை மேசையில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது என் சட்டம்.

நிரலின் இறுதியில் பொறி ஒரு பைட்டைக் கூடுதலாகச் சேர்க்கும். எல்லாப் பைட்டுகளையும் எக்ஸார் செய்து பெற்ற விடை அது. திரும்பப் படிக்கும்போது அக்கணக்கு ஒத்து வராவிட்டால் "நாடாப் பிழை" என்ற செய்தி வரும். பிழை எந்த இடத்தில் என்று சொல்லாது. பேச்சில் ஒரு சொல் தேய்ந்தாலும் முன்பின் கேட்டு ஊகித்துக்கொள்கிறோம். இங்கே ஒரு பிட் மாறினாலும் போச்சு. ஆகையால் எதையும் இரண்டு முறை பதிவது எங்கள் வழக்கம்.

என் முதல் உருப்படியான நிரல் பால் கணக்கு. காலையில் வாசலில் வைத்துப்போகும் பால் புட்டிகளின் எண்ணிக்கையைக் கொடுத்தால் வாரக்கடைசியில் தர வேண்டிய தொகையைச் சொல்லும். அளவு 2 கிலோபைட். பதிவு செய்யக் கேசட் தேடினேன். பாட்டுக் கேசட்டுகளில் பதிவு விசை இறங்க மறுத்தது. அவற்றின் முதுகில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் பல்லை முன்னரே உடைத்திருப்பார்கள். பல் இல்லாத கேசட்டில் மேற்பதிவு செய்ய முடியாது. பெயர் எழுதாத ஒன்றில் மட்டும் விசை இறங்கியது. தொடக்கத்திலிருந்து இரண்டு முறை பதிந்தேன். முறைக்கு இருபது நொடி. இடையில் நிறுத்தியதையும் சேர்த்தால் முக்கால் நிமிடம்.

அது தேவகோட்டையிலிருந்து அம்மாச்சி பேசி அனுப்பிய கேசட். எழுதப் படிக்கத் தெரியாதவர். பக்கத்து வீட்டுச் சிங்கப்பூர்க்காரரின் டேப் ரிக்கார்டர் முன் உட்கார்ந்து பேசியிருந்தார். கேசட் வந்த வாரமே அம்மா ஒருமுறை கேட்டிருந்தார். அன்று மாலை மறுபடி போட்டார். ஊதலும் இரைச்சலும் இரண்டு முறை வந்தன. பிறகு அம்மாச்சியின் குரல், வாக்கியத்தின் நடுவிலிருந்து: "...அதை மனசுல வச்சுக்காதே ஆத்தா." அம்மா நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மறுபடி கேட்டார். என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

1985இல் ஊர் திரும்பியதும் அம்மாச்சியிடம் கேட்டேன். "என்னத்தைச் சொல்லியிருப்பேன் ராசா, சாப்பிட்டீகளா, நல்லா இருக்கீகளான்னு கேட்டிருப்பேன்" என்றார். அம்மா பக்கத்தில்தான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த நாடாவைக் கணினிக் கோப்பாக மாற்றி, ஸ்பெக்ட்ரம் போலவே இயங்கும் இன்றைய நிரல் ஒன்றில் ஏற்றிப் பார்த்தேன். முதற்பதிவில் நாடாப் பிழை. இரண்டாம் பதிவு ஒரு பிட்டும் குறையாமல் ஏறி, எத்தனை புட்டி என்று கேட்டது.

ஊதலையும் இரைச்சலையும் கேட்க விரும்பும் மாணவர்கள் துறைக்கு வரலாம். கேசட் என் மேசையில்தான் இருக்கிறது. பற்கள் இரண்டையும் உடைத்து வைத்திருக்கிறேன்.