ஒவ்வாமைக்கு எதிரான மருந்துகள் உருவான விதம்



தூசு பட்டால் சிலருக்குத் தும்மல் வரும்; இறால் உண்டால் சிலருக்கு உடல் தடிக்கும். மற்றவர்களுக்கு ஒன்றும் நேர்வதில்லை. தீங்கற்ற பொருளொன்றுக்கு எமது நிர்ப்பீடனத் தொகுதி காட்டும் மிகையான துலங்கலே ஒவ்வாமை எனப்படும்.

1. மருந்து தொழிற்படும் விதம்

ஒவ்வாமையின்போது மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமின் என்னும் இரசாயனப் பொருளை வெளிவிடும். அது கலங்களிலுள்ள வாங்கிகளுடன் இணைவதால் அரிப்பு, வீக்கம், மூக்கொழுகல் என்பன ஏற்படும். வாங்கியைப் பூட்டு எனவும் ஹிஸ்டமினைத் திறப்பு எனவும் கொள்ளுங்கள். எதிர்ஹிஸ்டமின் மருந்து, பூட்டைத் திறக்காமல் அதன் துவாரத்தை அடைத்துக்கொள்ளும் போலித் திறப்பாகும். அது ஹிஸ்டமினை அழிப்பதில்லை. இவ்விடத்திலேயே பலர் பிழை விடுகின்றனர்.

2. வளர்ச்சிப் படிகள்

• 1937: பாரிஸ் பஸ்தர் நிறுவகத்தில் டானியல் போவே, ஆன்-மேரி ஸ்டோப் ஆகியோர் முதலாவது எதிர்ஹிஸ்டமின் சேர்வையை இனங்கண்டனர். நச்சுத்தன்மை காரணமாக அதை மனிதருக்கு வழங்க முடியவில்லை. போவே 1957இல் நோபல் பரிசு பெற்றார்.

• 1940கள்: டைபென்ஹைட்ரமின், குளோர்பெனிரமின் போன்றவை உருவாகின. இவை மூளையினுள்ளும் செல்வதால் தூக்கம் ஏற்படும்.

• 1985: தூக்கம் குறைந்த டெர்பெனடின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனினும் சில பங்கசு எதிர்ப்பு மருந்துகளுடன் சேர்த்து எடுத்தபோது, ஈரலில் அது மாற்றமடைவது தடைப்பட்டது. குருதியில் அதன் அளவு கூடி, இதயத்துடிப்பு ஆபத்தான முறையில் சீர்குலைந்தது.

• 1996: வழமையாக ஈரல் டெர்பெனடினை பெக்சோபெனடினாக மாற்றுகிறது. பயன் தருவது இதுவே. இதயத்துக்கு அந்தப் பாதிப்பும் இல்லை. எனவே இது தனி மருந்தாக அனுமதி பெற்றது. டெர்பெனடின் 1998இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து நீங்கியது.

ஆகவே, முன்னைய மருந்தின் குறைக்குக் காரணம் தேடியதே புதிய மருந்துக்கு வழிவகுத்தது.

3. கவனத்திற்கு

பரீட்சைக் காலத்தில் தும்மலுக்கென்று வீட்டிலிருக்கும் குளிசையை நீங்களாகவே விழுங்காதீர்கள். படித்த பாடமும் தூக்கக் கலக்கத்தில் கைகொடுக்காது. வைத்தியரிடம் செல்லும்போது நீங்கள் எடுக்கும் ஏனைய மருந்துகளையும் கூறுங்கள்.

மாதிரி வினா: குளோர்பெனிரமின் தூக்கத்தை ஏற்படுத்துவதும் பெக்சோபெனடின் பெரும்பாலும் ஏற்படுத்தாததும் ஏன்?

விடைக் குறிப்பு: முன்னையது மூளையினுள் சென்று அங்குள்ள ஹிஸ்டமின் வாங்கிகளையும் அடைக்கிறது. பின்னையது மூளையினுள் மிகக் குறைவாகவே செல்கிறது.