காண்டலும் கருதலும்

உயர்தரத்தில் அளவையியல் படிக்கிறேன் என்று சொன்னால், "அது என்ன பாடம்?" என்று கேட்காத உறவினர் எங்கள் குடும்பத்தில் இல்லை. அந்தப் பெயரிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அரிசியை அளக்கக் கொத்து வேண்டும். ஒன்றை அறிந்துவிட்டோம் என்று சொல்வதற்கும் ஓர் அளவை வேண்டும். மணிமேகலையின் 27ஆம் காதை இத்தகைய அளவைகள் பத்தை எடுத்துக் கூறுகிறது. அவற்றில் முதல் இரண்டும் காண்டல், கருதல் என்பனவாகும். புகையைக் காண்பது காண்டல். அங்கே நெருப்பு இருக்கிறது என்று அறிவது கருதல். 12ஆம் தரத் தவணைப் பரீட்சையில் இதை எழுதி முழுப் புள்ளியும் எடுத்தேன். அதே தவணையில் வீட்டில் இதே விடயத்தில் பிழைவிட்டேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் உம்மும்மாவின் தொழுகைத் துப்பட்டியைக் கழுவுவது என் வேலை. ஒரு வருடத்துக்கு மேலாக அவரிடம் ஒரே முறைப்பாடுதான்: "இது கழுவினதா மகள்? மஞ்சள் பூத்துக் கிடக்குதே." சுடுநீரில் ஊறவைத்தேன். சவர்க்காரத்தை மாற்றினேன். நீலம் போட்டேன். என் கண்ணுக்கு அது பால்போல வெள்ளை, அவருக்கு மஞ்சள். உம்மாவும் இரண்டொரு தடவை என்னைத்தான் ஏசினார். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது, அதுவும் பாடப் புத்தகத்திலிருந்துதான். ஹஜ்ஜுக்குப் போய்வந்த மாமி கொடுத்த புதுத் துப்பட்டி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, கழுவிக் காயவைத்தது போல மடித்துக் கொடுத்தேன். உம்மும்மா அதை விரித்துப் பார்த்தார். "இதுவும் மஞ்சள்தான்" என்றார்.

எனக்கு வெற்றி. அன்று இரவே உம்மாவிடம் சொன்னேன்: "உம்மும்மா சும்மா குறை சொல்றாங்க. வயசு போனா இப்படித்தான்." என் வாதத்தைப் பாடத்தில் எழுதுவதுபோல எழுதினால் இப்படி வரும்: ஒன்றில் துப்பட்டி அழுக்கு, அல்லது உம்மும்மா வேண்டுமென்றே குறை சொல்கிறார். துப்பட்டி அழுக்கில்லை. ஆகவே அவர் குறை சொல்கிறார். வடிவத்தில் இது வாய்ப்பான வாதம். எந்த ஆசிரியையும் சரி போடுவார். அதன் பிறகு அவர் மஞ்சள் என்று சொன்னபோதெல்லாம் வீட்டில் யாரும் காது கொடுக்கவில்லை. அவர் பத்திரிகை வாசிப்பதை விட்டதையும், குர்ஆனை முகத்துக்குக் கிட்டே பிடித்து ஓதியதையும் நாங்கள் பார்த்தோம். பார்த்தும் ஒன்றும் கருதவில்லை.

பல மாதங்களுக்குப் பிறகு வேறு ஒரு விடயமாக மருத்துவரிடம் போனபோதுதான் இரண்டு கண்ணிலும் புரை என்று தெரியவந்தது. கண்மணிக்குப் பின்னால் இருக்கும் வில்லை வயதாக ஆக மங்குகிறது. அதோடு மஞ்சளும் பழுப்புமாக மாறி, வெளிச்சத்தில் உள்ள நீலத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. மஞ்சள் கண்ணாடி போட்டவருக்கு வெள்ளைத் துணி எப்படித் தெரியும்? உம்மும்மாவின் கண் பொய் சொல்லவில்லை. தன்னிடம் வந்து சேர்ந்ததைத்தான் சொன்னது. "துணி மஞ்சள்" என்று முடிவுசெய்தது அவரது கருதல். "அவர் குறை சொல்கிறார்" என்று முடிவுசெய்தது என்னுடைய கருதல். இருவருக்குமே காண்டல் சரி.

முதலில் ஒரு கண்ணுக்கு மட்டும் சத்திரசிகிச்சை செய்தார்கள். கட்டு அவிழ்த்த மறுநாள் அவர் கட்டிலில் அமர்ந்து ஒரு கண்ணைக் கையால் பொத்திச் சுவரைப் பார்த்தார். பிறகு மற்றக் கண்ணைப் பொத்திப் பார்த்தார். "இந்தக் கண்ணுக்குச் சுவர் வெள்ளை, கொஞ்சம் நீலம் கலந்த மாதிரி. இந்தக் கண்ணுக்குப் பழைய மஞ்சள்." சிறு பிள்ளைபோல மாற்றி மாற்றிப் பொத்தினார். ஒரே சுவர், ஒரே ஆள், இரண்டு நிறம். இதில் எந்தக் கண் சரி என்று மூன்றாவதாக ஒரு கண்ணைக் கொண்டுவந்து தீர்க்க முடியாதல்லவா? அதற்கு வேறொரு நீதிபதி தேவை.

அந்த நீதிபதியைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (1058–1111) எழுதியிருக்கிறார். பக்தாதின் நிழாமிய்யாவில் கற்பித்த பேரறிஞர் அவர். 1095இல் அந்தப் பதவியை விட்டுப் புறப்பட்டவர். தம் அறிவுத் தேட்டத்தின் கதையை ‘அல்முன்கித் மினள் ளலால்’ என்ற நூலில் சொல்லும்போது, ஐயமே இல்லாத அறிவு எது என்ற கேள்வியோடு தொடங்குகிறார். புலன்களில் வலியது பார்வை. ஆனால் அந்தப் பார்வை நிழலைப் பார்த்து அது அசையாமல் நிற்கிறது என்கிறது. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் நிழல் நகர்ந்திருக்கிறது. நட்சத்திரத்தைப் பார்த்து ஒரு தீனார் நாணயம் அளவுதான் என்கிறது. அது பூமியிலும் பெரியது என்று கணிதம் நிரூபிக்கிறது. ஆகப் புலனின் தீர்ப்பைப் புத்தி வந்து மாற்றிவிட்டது. சரி, புத்தியையாவது நம்பலாமா? பத்து மூன்றைவிடப் பெரியது என்பதில் என்ன சந்தேகம்?

இங்கேதான் அவர் மற்றவர்கள் நின்றுவிடும் இடத்தைத் தாண்டுகிறார். புலன்கள் அவரிடம் கேட்பதுபோல எழுதுகிறார்: புத்தி என்ற நீதிபதி வராதிருந்தால் நீ எங்களையே நம்பியிருப்பாய். புத்திக்கு அப்பாலும் ஒரு நீதிபதி இருந்து, அது வந்து புத்தியைப் பொய்யாக்கினால் என்ன செய்வாய்? கனவில் கண்டதைக் கனவு முடியும்வரை உண்மையென்றுதானே நம்புகிறோம்? ஏறத்தாழ இரண்டு மாதம் இந்த ஐயத்திலிருந்து அவரால் வெளியேற முடியவில்லை. முடிவில் எந்தத் தர்க்கமும் தம்மை மீட்கவில்லை, அல்லாஹ் உள்ளத்தில் இட்ட ஒளியாலேயே புத்தியின் அடிப்படை உண்மைகளில் மீண்டும் நம்பிக்கை வந்தது என்கிறார். பிரான்சின் டேக்கார்ட் 1641இல் வெளியிட்ட நூலிலும் புலனேமாற்றமும் கனவும் பற்றிய ஐயங்கள் வருகின்றன. பாடக்குறிப்புகளில் டேக்கார்ட்டுக்கு ஒரு பக்கமும் கஸ்ஸாலிக்கு ஒரு வரியும் கிடைப்பது ஏனென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

டேக்கார்ட் வழியினர் அறிவுமுதல்வாதிகள். உறுதியான அறிவு புத்தியிலிருந்தே வருகிறது என்பர். இங்கிலாந்தின் ஜோன் லொக் போன்றவர்கள் அனுபவமுதல்வாதிகள். பிறக்கும்போது மனம் எழுதாத தாள் போன்றது, எழுதுவது அனுபவமே என்பர். இந்த வேறுபாட்டைப் பரீட்சைக்கு மனனம் செய்வது எளிது. எனக்குப் பிடித்தது டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மொலினோ லொக்கிடம் கேட்ட கேள்விதான். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் உருண்டையையும் சதுரக் கட்டியையும் தொட்டுப் பழகியிருக்கிறார். திடீரென்று அவருக்குப் பார்வை கிடைத்தால், தொடாமல் பார்த்தே எது உருண்டை, எது கட்டி என்று சொல்வாரா?

முடியாது என்றார் மொலினோ. லொக்கும் அதை ஒப்புக்கொண்டு 1694இல் தமது நூலின் இரண்டாம் பதிப்பில் கேள்வியைச் சேர்த்தார். 1728இல் செசல்டன் என்ற இலண்டன் சத்திரசிகிச்சையாளர், புரையால் சிறுவயதிலேயே பார்வை இழந்திருந்த ஒரு பையனைப் பற்றி எழுதினார். பார்வை கிடைத்ததும் எல்லாப் பொருள்களும் தன் கண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதாக அவன் நினைத்தானாம். பூனை எது, நாய் எது என்று பார்த்து அறிய முடியவில்லை. கடைசியில் பூனையைப் பிடித்துத் தடவி, அதன் முகத்தை உற்றுப் பார்த்து, இனி உன்னை அறிந்துகொள்வேன் என்று அதனிடமே சொல்லி விட்டானாம்.

இந்தியாவில் ‘பிரகாஷ்’ திட்டத்தின் கீழ் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரிடம் செய்த பரிசோதனை 2011இல் வெளியானது. கையால் தொட்ட பொருளைக் கண்ணால் தேடி எடுக்கும்படி கேட்டபோது அவர்களின் விடைகள் குத்துமதிப்புக்குச் சற்று மேலாகத்தான் இருந்தன. ஆனால் சில நாள்களிலேயே திறமை கூடிவிட்டது. கண் திறந்ததும் உலகம் பெயரோடும் வடிவத்தோடும் உள்ளே வந்து விழுவதில்லை. பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் 11ஆம் நூற்றாண்டிலேயே ‘கிதாபுல் மனாழிர்’ என்ற ஒளியியல் நூலில் இதைத் தொட்டிருக்கிறார். நாம் பார்க்கும்போதே உள்ளத்தில் ஓர் அனுமானம் நடக்கிறது. அது மிக விரைவாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை என்றார். ஜேர்மனியின் கான்ட் 1781இல், புலன்கள் தருவதும் புத்தி ஒழுங்குபடுத்துவதும் சேர்ந்தால்தான் அறிவு என்று வாதிட்டபோது இரு கட்சிக்கும் பாலம் போட்டார் என்று எழுதுவோம்.

என் பிழைக்கு வருகிறேன். வாதத்தின் வடிவம் சரியாக இருந்தது. பரிசோதனையும் மோசமில்லை. துணியில் குறையில்லை என்பதை அது சரியாகவே காட்டியது. பிழை முதலாவது எடுகூற்றில் இருந்தது. இரண்டே வழிதான் உண்டு என்று நானாக வைத்துக்கொண்டேன். மூன்றாவதாக, அவர் உண்மையாகவே மஞ்சளைக் காண்கிறார் என்ற வழி இருந்தது. அதை எண்ணிப் பார்க்க தத்துவம் தேவையில்லை, "உங்களுக்கு எப்படித் தெரியுது உம்மும்மா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். காண்டல், கருதல் தவிர உரை என்றும் ஓர் அளவை உண்டு. நம்பத்தக்கவர் சொல்வதை ஏற்று அறிவது. எழுபது வயதானவரின் சொல்லை நான் அந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

போன கிழமை அவர் என்னிடம் கேட்டார்: "மகள், இப்ப தெரியிற வெள்ளையும் அந்த டொக்டர் வெச்ச வில்லைக்குள்ளால தெரியிறதுதானே. அப்ப உண்மையான வெள்ளை எது?" கஸ்ஸாலியைச் சொல்லலாமா, கான்டைச் சொல்லலாமா என்று யோசித்து, தேநீர் ஊற்றப் போய்விட்டேன்.

மற்றக் கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அந்தப் புதுத் துப்பட்டியின் கதையை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இந்தச் சஞ்சிகை வெளிவரும்போது அவர் மறுபடியும் வாசிக்கத் தொடங்கியிருப்பார், இன்ஷா அல்லாஹ்.