ஃபைலுக்குப் பெயர் வைப்பது எப்படி?

மலையில் மழை பெய்தால் ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆற்றில் திடீரென வெள்ளம் வரும். அப்பகுதியின் மழையளவைப் பதியும் மென்பொருளை, கல்லூரி இறுதியாண்டு புராஜெக்டாக நான்கு பேர் சேர்ந்து எழுதினோம். அதில் கற்ற பாடம் உங்கள் வீட்டுக் கணினிக்கும் உதவும்.

ஒரே ஃபைலை நால்வர் திருத்தும்போது, புதியதன்மேல் பழையதைப் பதிந்துவிட்டால் அன்றைய மழைக்கணக்கே போய்விடும். 'புதுசு', 'கடைசி' என்ற பெயர்கள் குழப்பத்தையே தரும். எனவே திருத்தும் முன் 'சேவ் ஆஸ்' கொடுத்து, 'மழை-2018-11-05' எனப் பெயரிட்டோம். ஆண்டு, மாதம், நாள் என்ற இந்த வரிசையில் எழுதினால், பெயர்வாரியாக அடுக்கும்போது ஃபைல்கள் தேதி வரிசையிலேயே நிற்கும். மாதத்தையும் நாளையும் இரண்டு இலக்கமாக எழுதுங்கள். சாய்கோட்டை விண்டோஸ் ஏற்காது, சிறுகோடு போடுங்கள்.

பழைய பதிப்புகளைக் காக்க, மென்பொருள் எழுதுவோர் 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்'டைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டுக்கணக்குக்கு இந்தப் பெயரும், பென் டிரைவில் இன்னொரு பிரதியும் போதும். இன்றே செய்து பாருங்கள்.